எல்வர்கோம் பிரபுவின் முதல் ஓட்டு

தட்டுவதற்குக் கதவு கிடையாது. இங்கிலாந்தின் டெவன் சீமை முழுக்க மாடுகளுக்குக் கோமாரி. பண்ணைக்குள் வெளியாள் கால் வைக்கக் கூடாது. ஆகவே எல்வர்கோம் பிரபு வெளி கேட்டின் மேல்கட்டையைத் தடியால் தட்டுவார், தொப்பியைக் கழற்றுவார், இரண்டடி பின்னால் போய் நிற்பார். "ஓட்டுக் கேக்க வந்தவன் ஒரு படி கீழதான் நிக்கணும். வீட்டுக்காரன் நம்மளைக் குனிஞ்சு பாக்கணும்" என்பது அவருடைய தாத்தா சொல்லிப்போன பாடம். இங்கே படியும் இல்லை, குனிந்து பார்க்க ஆளும் இல்லை. கிருமி மருந்து ஊற்றிய வைக்கோல்தான் காலடியில் சதசதவென்று கிடக்கிறது. இருந்தாலும் பின்னால் போய் நின்றால்தான் அவருக்கு ஓட்டுக் கேட்ட திருப்தி.

வீட்டுக்காரர் முற்றத்துக் கோடியில் வந்து நின்று கையை ஆட்டுவார். பிறகு இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொள்வார்கள்.

"எல்லாம் சரியாத்தானே போகுது?"

"எல்லாம் சரிங்க, பிரபு!"

இந்த "எல்லாம் சரியாத்தானே போகுது" அவர் வாயோடு ஒட்டிப் பிறந்தது. பாதிரியாரிடம் கேட்பார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே கேட்பார், வீட்டு நாயிடமும் கேட்பார். யாரும் 'இல்லை' என்று சொன்னதில்லை. பிரபுவிடம் போய் யார் இல்லை என்பது? அதனாலேயே அவருக்கு எந்தப் பதிலிலும் நம்பிக்கை விழுவதில்லை; இடது காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இன்னொரு தடவை கேட்பார். இழுத்து இழுத்து அந்தக் காது மற்றதைவிடக் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு.

ஆளைப் பார்த்தால் பிரபு என்று சொல்ல முடியாது. அப்பாவின் கோட்டு, முழங்கையில் தோல் ஒட்டு, அந்த ஒட்டிலும் ஓட்டை. பெல்ட்டுக்குப் பதில் சணல் கயிறு. புதிதாக வந்த தபால்காரர் ஒருமுறை இவரைத் தோட்டக்காரர் என்று நினைத்து, "பெரியவரே, உள்ள அந்தக் கிழவன் இருக்கானா?" என்று கேட்டுவிட்டார். "இருக்கான். மனசுதான் சரியில்லை" என்று சொல்லித் தபாலை வாங்கிக்கொண்டார் பிரபு. வாசலில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய நிலமெல்லாம் அவருடையது. மழை பெய்தால் மேற்குப் பக்கத்து அறைகளில் வாளி வைக்க வேண்டும்.

குடும்பம் சாமானியக் குடும்பமா! மாடிப்படி நெடுக முன்னோர்கள் எண்ணெய்ச் சாயத்தில் தொங்குகிறார்கள். மூத்தவன் பிரபுக்கள் சபைக்கு, இளையவன் மக்கள் சபைக்கு என்று முந்நூறு வருஷ வழக்கம். ஒருவர் பீப்பாய் பீப்பாயாக பீர் ஊற்றி ஜெயித்தார். ஒருவர் ஏழைகளுக்கு ஓட்டுரிமை கூடாது என்று லண்டனில் தொண்டை வறளப் பேசிவிட்டு, கொஞ்ச நாளில் அந்த ஏழைகளிடமே வந்து ஓட்டு வாங்கிப் போனார். இன்னொருவர் சபையில் வாயே திறந்ததில்லை. ஆனால் சபைச் சமையலறைக்குத் தன் பண்ணை ஆட்டிறைச்சியைக் கடைசிவரை விற்றார். குடும்பக் கட்சியின் நிறமான நீல ரிப்பன் கட்டி நிறுத்தினால் வேலிக்கம்பமும் ஜெயிக்கிற தொகுதி என்பார்கள். சில தடவை வேலிக்கம்பம்தான் நின்றது என்றும் சொல்வார்கள்.

இத்தனை ஓட்டு வாங்கிய குடும்பத்தில் இந்தப் பிரபு பொதுத்தேர்தலில் ஒரு ஓட்டுக்கூடப் போட்டதில்லை. பதினேழு வயதில் அப்பா போய்ப் பட்டம் வந்துவிட்டது. பிரபுக்கள் சபையில் உட்காருகிறவனுக்கு ஓட்டுக் கிடையாது, அது சட்டம். உள்ளூர் மன்றத் தேர்தலில் போடலாம்தான். அங்கே எப்போதும் ஒரே ஆள் நிற்பார், போட்டியே இராது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பரம்பரைப் பிரபுக்களைச் சபையை விட்டு வெளியே அனுப்பினார்கள். சிலரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சிலரில் இவர் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு ரயிலேறி வீடு வந்து சேர்ந்தார். "பதவி போச்சு, ஓட்டு வந்துச்சு. லாபமா நஷ்டமான்னுதான் தெரியலை" என்று மனைவி ரோஸ்மேரியிடம் சொன்னார். அறுபத்து நாலு வயதில் முதல் ஓட்டு!

அந்த ஓட்டில்தான் இப்போது அவருடைய உயிர் இருக்கிறது. தொகுதியின் எம்.பி.யாக இருந்த சித்தப்பா மகன் ஹம்ஃப்ரி ஓய்வு பெற்றதும், அடுத்து யார் என்று கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். "பியர்ஸ் வந்திடுவான்" என்றார் பிரபு. பியர்ஸ் அவர் மகன். நியூசிலாந்தில் திராட்சைத் தோட்டம் போட்டிருப்பவன். வர மாட்டேன் என்று பல தடவை சொல்லியாகிவிட்டது. மகள் தியோ பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். கெட்டிக்கார வக்கீல். அவள் பக்கம் ஒரு தலைகூடத் திரும்பவில்லை, அப்பாவின் தலை உட்பட. அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் நிக்கறேன்" என்றாள். "அட, நீயா!" என்று வந்துவிட்டது பிரபு வாயில்.

அட, நீயா! ஒரு வருஷமாக அந்த வார்த்தை அவர் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. "உனக்குத்தாம்மா என் ஓட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வந்தால்தானே! மன்னிப்புக் கேட்கிற பழக்கம் மாடிப்படியில் தொங்குகிற எவருக்கும் இருந்ததில்லை, இவருக்கு மட்டும் எங்கிருந்து வரும்? ஒரு நாள் தியோ சாப்பிட வந்திருந்தபோது துணிந்துவிட்டார். "தியோ" என்று ஆரம்பித்தார். அவள் முள்கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "உன் கார் டயர்ல காத்துக் கம்மியா இருக்கு" என்றார். "பாத்துக்கறேன்பா" என்றாள் அவள், வெகு மரியாதையாக. அன்றைக்குப் பிறகுதான் அவர் அவளுக்காகக் கேட் கேட்டாகத் தட்டக் கிளம்பியது.

நீலக் கட்சி கடைசியில் தியோவையே நிறுத்தியது. எதிரே மஞ்சள் கட்சி வேட்பாளர் க்ளைவ் ஹன்னாஃபோர்ட், மாட்டு டாக்டர். கோமாரி கண்ட பண்ணையில் மந்தை முழுவதையும் சுட்டுவிடுவது அரசாங்க உத்தரவு. சுடுகிற நாளில் விவசாயிக்குப் பக்கத்தில் நின்று அழுத மனிதர் ஹன்னாஃபோர்ட். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று கத்த, உள்ளே போகிற அனுமதி உள்ள ஒரே வேட்பாளர்! இதை நினைத்தாலே பிரபு காது மடலை இழுக்க ஆரம்பித்துவிடுவார்.

தாத்தாவின் பாடம் இன்னொன்றும் உண்டு. "திட்டுறவன் நம்ம ஆளு. உபசாரம் பண்றவன் கட்சி மாறிட்டான்." கூரை ஒழுகுது, வாய்க்கால் தூர்ந்துபோச்சு, உங்க மான் வந்து என் கோஸைத் தின்னுடுச்சு என்று பிடித்துக் கத்துகிறவன், கத்தி முடித்ததும் நேரே போய் நீலத்துக்குப் போடுவான். முகம் பார்க்கக் கூசுகிறவன்தான் கேக் கொடுத்து அனுப்புவான். இது பொய்த்ததே இல்லை.

இந்த வருஷம் ஒருவரும் திட்டவில்லை.

ரெஜ் லஸ்கோமை மலைபோல் நம்பித்தான் போனார். தலைமுறை தலைமுறையாக எல்வர்கோம்களைத் திட்டி வரும் குத்தகைக் குடும்பம். போன தேர்தலில் கொட்டகைக் கூரைக்காக ஹம்ஃப்ரியை நகரவிடாமல் பிடித்துக்கொண்டவர் ரெஜ்.

"ரெஜ்! கொட்டகைக் கூரை எப்படிப்பா இருக்கு?" என்று பிரபுவே எடுத்துக் கொடுத்தார்.

"இருக்குங்க, பிரபு."

"ஒழுகலையா?"

"ஒழுகினா என்னங்க? உள்ள நனையறதுக்கு ஒண்ணும் இல்லையே."

போன மாதம்தான் ரெஜ்ஜின் பசுக்கள் அத்தனையும் போயிருந்தன. பிரபுவுக்கு அது தெரியும். தெரிந்தும் கூரையைக் கேட்டுவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டு நின்றார்.

"என்னை நாலு வார்த்தை திட்டேன்பா" என்றார் கடைசியில். கெஞ்சலாகவே வந்தது.

"உங்களை எதுக்குங்க திட்டணும்? கேட்டோரமா என் வீட்டுக்காரி கேக் வச்சிருக்கா பாருங்க. எடுத்துட்டுப் போங்க. தியோ பாப்பாவுக்கும் குடுங்க."

வெள்ளைத் துணியில் சுற்றிய பழக் கேக். வண்டியில் ஏற்கெனவே ஐந்து கேக் இருந்தது.

"கடை போடப் போறியா, லயனல்?" என்றாள் ரோஸ்மேரி, அவர் ஒவ்வொன்றாகச் சமையலறை மேசையில் இறக்கியபோது.

"தோத்துட்டோம், ரோஸ்மேரி."

"இன்னும் ஓட்டே போடலையே!"

"கேக்கைப் பாரு! என் தாத்தாவுக்கு ஒரு தேர்தலுக்கு ஒண்ணுக்கு மேல வந்ததே இல்லை."

"உன் தாத்தாவுக்கு சர்க்கரை வியாதின்னு ஊருக்கே தெரியும்." அவள் கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டாள். "கேட்டைத் தட்டுற நேரத்துக்கு உன் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசலாம்."

"என்னன்னு பேச?"

"அது தெரிஞ்சா நீ எல்வர்கோமே இல்லை."

தேர்தலன்று முகத்தை இரண்டு தடவை மழித்துக்கொண்டு கிளம்பினார். பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி. சீட்டுக் கொடுக்கிற மேசையில் தபாலாபீஸ் டோரீன் உட்கார்ந்திருந்தாள்.

"முதல் தடவைங்களே, பிரபு. எப்படிப் போடறதுன்னு சொல்லட்டுமா?"

"டோரீன், எங்க குடும்பம் முந்நூறு வருஷமா ஓட்டு வாங்கிட்டிருக்கு."

"வாங்கறது வேற, போடறது வேறங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மறைப்புக்குள் போனார்.

உள்ளே நூலில் கட்டிய ஒரு பென்சில். சீட்டில் மூன்று பெயர்கள். தியோடோரா மேரி என்று அச்சில் பார்த்ததும் அவருக்குக் கண் கரித்தது. ஞானஸ்நானத்தன்று அவரே தேர்ந்தெடுத்துச் சொன்ன பெயர். எதிரே பெருக்கல் குறி போட்டார். போட்டுவிட்டுப் பார்த்தார். இவ்வளவுதானா? ஒரு வருஷம் நெஞ்சை அடைத்ததற்கு இந்த இரண்டு கோடு போதுமா? இதைப் போட்டது யார் என்று யாருக்குத் தெரியும்? குத்தகைப் பத்திரமோ, மரம் வெட்ட அனுமதியோ, அடியில் அவர் கையெழுத்து விழுந்தால்தான் காகிதத்துக்கு உயிர். அப்படித்தான் அவருக்குப் பழக்கம். உள்பையிலிருந்து மைப்பேனாவை எடுத்தார். பட்டம் உள்ளவர்களுக்குக் கையெழுத்து ஒற்றைச் சொல்தான். அழுத்தி, வால் சுழித்து, 'எல்வர்கோம்' என்று எழுதினார். ஊதிக் காய வைத்தார். மடித்துப் பெட்டியில் போட்டார்.

ஐயோ, மனுஷா! ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா? டோரீனிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே. அவரோ ஒரு வருஷமாக இல்லாத தெளிச்சலோடு வீடு திரும்பி, ரெஜ் வீட்டுக் கேக்கில் இரண்டு துண்டு தின்றார்.

எண்ணிக்கை மறுநாள் பகலில், சந்தை ஊரின் விளையாட்டரங்கில். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பிரபுவும் ரோஸ்மேரியும் ஊர் ஜனங்களும். அந்தப் பக்கம் மேசைகள், வேட்பாளர்கள், அதிகாரிகள். ஒரு தடவை எண்ணி, போதாதென்று இன்னொரு தடவையும் எண்ணிவிட்டார்கள். கட்சி ஏஜென்ட் நார்மன் வேர்த்து வழியக் கயிற்றோரம் வந்தார்.

"பதினேழு ஓட்டுல பின்னால இருக்கோம், பிரபு. இப்ப சந்தேகச் சீட்டைப் பாக்கறாங்க. அதுல ஒண்ணும் தேறாது. ஏழெட்டுதான் இருக்கு."

"சந்தேகச் சீட்டுன்னா?"

"செல்லாத ஓட்டுங்க. சிலது வெறுமையா இருக்கும், சிலதுல கெட்ட வார்த்தை எழுதியிருப்பான். எவனோ ஒரு மேதாவி கையெழுத்து வேற போட்டு வச்சிருக்கானாம், மையில!"

"போடக் கூடாதா?"

"ரகசிய ஓட்டாச்சே, பிரபு. ஆள் யாருன்னு தெரிஞ்சா செல்லாது."

பிரபு பேயறைந்தவர் போல நின்றார். மேசையருகே அதிகாரி ஒவ்வொரு சீட்டாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஒன்றைக் காட்டியதும் ஹன்னாஃபோர்ட் புருவத்தை உயர்த்தினார். தியோ குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. முந்நூறு வருஷத் தொகுதி கை நழுவுகிற நாளில், பெற்ற அப்பன் போட்ட ஓட்டும் செல்லாக்காசு என்று இவள் கண்ணாலேயே பார்க்க வேண்டுமா! பிரபு நழுவி ரோஸ்மேரியின் பின்னால் போய் நின்றார். ஆறடி மனிதர் அந்தக் குள்ள அம்மாள் பின்னால் எங்கே மறைவது?

தியோ அதிகாரியைப் பார்த்துத் தலையசைத்தாள். சீட்டு செல்லாதவற்றோடு சேர்ந்தது. அவள் நேரே கயிற்றடிக்கு வந்தாள்.

"தியோ, அது வந்து... டோரீன் சொல்லத்தான் வந்தா, நான்தான்..."

"அப்பா, எனக்கா போட்டீங்க?"

"பின்ன யாருக்கும்மா?"

"பியர்ஸ் பேரு இல்லைன்னா வெறுமையா மடிச்சுப் போட்டுடுவீங்கன்னு நெனச்சேன். இத்தனை நாளா அதையேதான் நெனச்சிட்டிருந்தேன்." சிரிக்க ஆரம்பித்தாள், நடுவில் குரல் உடைந்தது. "செல்லியிருந்தா பதினாறுல தோத்திருப்பேன். விடுங்க."

மேடையில் ஒலிபெருக்கி கரகரத்தது. வேட்பாளர்கள் வர வேண்டும். தியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பிரபு கயிற்றுக்கு மேலே கையை நீட்டி அவளுடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்பிடறாங்கப்பா."

தெரியும் என்று தலையாட்டினார். விடவில்லை. நார்மன் பக்கத்தில் வந்து, "வேட்பாளர் மட்டுந்தான் போகலாம், பிரபு" என்று முணுமுணுத்தார். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. தியோ மறு கையால் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். பிரபு தலையைக் குனிந்து, அவள் கோட்டுக் கையை விடாமலே, அடியில் நுழைந்தார்.