முடிந்துபோனதாக நினைத்த நோய்

தச்சநல்லூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் கணவருக்கு விடாத வயிற்று வலி. ஸ்கேன் எடுத்தவர்கள், "கணையத்தில் கட்டி இருக்கு. புற்றுநோயா இருக்கலாம்" என்றார்கள். உடனே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

அங்கே பெரிய மருத்துவர் அவரைப் படுக்க வைத்துப் பார்த்தபோது, "விலாவில் இது என்ன தழும்பு?" என்று கேட்டார்.

"அது பத்துப் பன்னெண்டு வருசப் பழசு சார். புத்துக் கட்டின்னு ஒரு கிட்னிய எடுத்தாவ. அப்பவே எல்லாம் சரியாயிட்டுல்லா?" என்றார் இவர்.

மருத்துவர் உடனே கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுத்துச் சோதிக்கச் சொன்னார். முடிவு வந்தது. இத்தனை வருடம் கழித்து அந்தச் சிறுநீரகப் புற்றுதான் கணையத்துக்குப் பரவியிருந்தது!

"கணையத்திலேயே வர்ற புற்றுக்கும் இதுக்கும் வைத்தியமே வேற வேற. நல்லவேளை, தழும்பைப் பார்த்தேன்" என்றார் மருத்துவர்.

மாத்திரையில் இப்போது கட்டி சுருங்கி வருகிறது. பல்வலிக்குப் போனாலும் சரி, "இவுகளுக்குக் கிட்னியில புத்து வந்துச்சு" என்று நான்தான் முதலில் சொல்கிறேன்.