ஆபிசர் வரும்வரை கழுவாதே

"வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள், சனிக்கிழமை. அம்மா வீட்டை நான்கு தடவை கழுவிவிட்டார்." தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போது நோட்டில் நான் எழுதிவைத்த வரி இது.

இன்று பெக்கான் நானாஸ் ஊரில், வெள்ளம் புகுந்த தங்கை வீட்டுக்குள் நுழைந்ததும் பிளீச் நெடி மூக்கில் ஏறியது. "நிவாரணத்துக்குக் காட்ட போட்டோ எடுத்தியா?" என்று பதறினேன்.

"கழுவிட்டுதான் எடுப்பேன். அசிங்கமா இருக்கு லா!"

அம்மாவை அப்படியே உரித்துவைத்திருக்கிறாள்.

அன்றும் இதே நெடிதான். நிவாரணப் பட்டியல் எழுத வந்த அதிகாரி, வாசலில் நின்று பளபளத்த தரையைப் பார்த்தார். "இங்கே வெள்ளம் வரலையா?" என்று மலாய் மொழியில் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். சேற்றில் உட்கார்ந்திருந்தால்தான் உதவி என்று விதி எழுதியவர் ஒருநாளும் வீடு கழுவியிருக்க மாட்டார். எங்கள் வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை.

"சேறும் போச்சு, பேரும் போச்சு!" என்று அப்பா கத்தினார். "மெத்தையையாவது விட்டுவச்சியா?"

"அந்த நாத்தத்துல படுத்து உருளச் சொல்றீங்களா?"

தன் பெயர் பதிவானதும், பக்கத்து வீட்டு லெட்சுமி அத்தை தன்னுடைய சேற்று மெத்தையைப் பின்வாசல் வழியாக எங்கள் கூடத்துக்கு இழுத்துவந்தார். "ரெண்டு நிமிசம் வாய மூடிட்டு இருங்க, அண்ணி."

கழுவிய தரை முழுக்கச் சேறு. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா ஓடிப்போய் அதிகாரியை மறுபடி கூட்டிவந்தார். அவர் மெத்தையை நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் பெயரை எழுதினார்.

சற்றுமுன் பக்கத்து வீட்டில் பார்த்த மெத்தைதான் அது என்று அவருக்குத் தெரிந்ததா? அப்பா இல்லை என்கிறார், அம்மா ஆமாம் என்கிறார். இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.