கதவுக்குள் ஆறு இயர் பிளக்

எங்கள் காரில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று நான் சண்டை போட ஆரம்பித்தபோது, கார் வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. பழைய கார்தான். காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் நுழைகிற அளவுக்குச் சின்னது. தயாரிக்கும்போதே வைத்துக் கொடுத்த ஸ்டீரியோ, முன்கதவு இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர். தாளம் மட்டும் டம் டம் என்று வரும். பாடுகிறவர் வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும். நான் சத்தத்தைக் கூட்டுவேன். பக்கத்தில் இருக்கிற மனைவி குறைப்பாள். மறுபடி கூட்டுவேன். மாதவரத்தில் மச்சினன் வீடு போய்ச் சேரும்வரை இதே வேலை.

"நல்லாத்தானே பாடுது. உனுக்கு எதுல பாத்தாலும் ஒரு நொட்டை," என்பாள்.

"இன்னா பாடுறான்னு ஒரு வார்த்த சொல்லு பாப்போம்!" என்று எகிறுவேன். அவள் பாட்டை முழுசாக வரி மாறாமல் சொல்லிவிடுவாள். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாட்களில் வந்த கோபம் வேறு மாதிரி. கல்லூரியில் படிக்கிற மகள் பேசினால் பாதி புரியாது. "வாயத் தொறந்து பேசு, முணுமுணுன்னு இன்னா பேச்சு," என்று அவளிடம் விழுவேன். டிவியில் செய்தி வாசிக்கிறவர்களுக்கெல்லாம் நாக்கில் என்ன வியாதி என்று கேட்பேன். இதையெல்லாம் சேர்த்து வைத்து யோசித்தால் ஒரு இடத்துக்குத்தான் போய் நிற்கும். அந்த இடத்துக்குப் போக எனக்குப் பயம். அதனால் ஸ்டீரியோவில்தான் கோளாறு. இருந்தே ஆக வேண்டும்.

ஏன் பயம் என்றால், நான் அப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு இரும்பு ஷெட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால், கீழே நிற்கிறவர்கள் கையைக் காட்டுவார்கள், குரல் கொடுப்பார்கள், நான் தகடுகளைத் தூக்குவேன், இறக்குவேன். பத்தொன்பது வருஷம். கிரேன்காரன் என்றால் ஷெட்டில் ஒரு மரியாதை உண்டு. காது சரியில்லாதவனைக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றவும் கூடாது. அவன் கொக்கியில் தொங்குகிற இரும்புக்குக் கீழே ஆறேழு பேர் நடமாடுகிறார்கள்.

காதைச் சோதிக்க வருஷத்துக்கு ஒரு முறை ஒரு வேன் வரும். உள்ளே கண்ணாடி வைத்த சின்ன அறை. அதில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற அம்மா மெஷினைத் தட்டும்போது அவர் வலது தோள் லேசாக ஏறும். இது எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். "தோள பாரு, அமுக்கு, வந்துகினே இரு," இவ்வளவுதான் பரீட்சை. தோளைப் பார்த்து நாங்கள் எல்லோரும் வருஷா வருஷம் பாஸ். வெளியே வந்து ஒருவன் முதுகை ஒருவன் தட்டிச் சிரித்துக்கொண்டே டீக்கடைக்குப் போவோம். இப்படி யாரை ஏமாற்றுகிறோம் என்று ஒருத்தனும் கேட்டதில்லை.

ஆரஞ்சு நிறத்தில் நுரை மாதிரி மெத்தென்று இயர் பிளக்கும் கொடுப்பார்கள். சத்தத்திலிருந்து காதைக் காப்பாற்ற. பாதுகாப்பு அதிகாரி சுற்றி வருகிற அன்றைக்கு மட்டும் அது காதில் ஏறும். கீழே கூப்பிடுவது கேட்காமல் போய்விடும் என்று நான் காரணம் சொல்லிக்கொண்டு பத்தொன்பது வருஷமும் வைக்கவே இல்லை. கார் வாங்கிய புதிதில் கதவின் உள் அட்டை கடகடவென்று ஆடியது. வீட்டில் சும்மா கிடந்த இயர் பிளக்குகளை அந்தச் சந்தில் திணித்தேன். ஆட்டம் நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பாட்டுச் சண்டை நடந்த அந்த மாதம்தான் ஷெட்டில் ஒன்று நடந்தது. கொக்கி மாட்டுகிற என் தோஸ்து தகட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். அவன் கை எனக்குத் தெரியவில்லை. நான் இறக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவன் துள்ளி வெளியே வந்து தலைக்கு மேல் இரண்டு கையையும் வீசினான். நிறுத்தினேன். இறங்கி வந்ததும் சட்டையைப் பிடிக்காத குறை.

"கத்து கத்துன்னு கத்துறேன், இன்னா மாமு, காதுல இன்னா வச்சினுகீற?"

"லாரிக்காரன் ஆரன் அடிச்சிகினு கெடக்கான், உன் கொரலு எங்க கேக்கும்?" என்று நானும் கத்தினேன். லாரி எதுவும் ஹாரன் அடிக்கவில்லை. அவனுக்கும் அது தெரியும். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரமே ராயபுரத்தில் கார் ஸ்டீரியோக் கடைக்குப் போனேன். ஒற்றை ஷட்டர் கடை. கடைக்காரருக்கு என் வயதிருக்கும். வண்டிக்குள் தலையை விட்டு ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டார்.

"பிளேயரு நல்லா கீது அண்ணாத்த. ஸ்பீக்கருதான் வெறும் காயிதம். மாத்திட்டு, கதவு அதிராம உள்ள ஷீட்டு ஒட்டிக் குடுக்கறேன். சும்மா கணீர்னு கேக்கும்."

"ஒயரை வெட்டிடாதப்பா."

"ஒயர எவன் வெட்டுவான்? இருக்கற கப்ளர்லயே சொருவி மாட்டிடலாம்."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஸ்பீக்கர் வெறும் காகிதம். அப்பாடா! ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கதவின் உள் அட்டையைப் பெயர்த்தார். சொத்து சொத்தென்று ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தரையில் விழுந்தது. ஒன்று, இரண்டு, ஆறு. குனிந்து பொறுக்கியவர் விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, காதுல வைக்கறத கதவுல வச்சினுகீற?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். "உம்," என்று அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேசை மேல் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கதவைச் சாத்தினால் பெரிய வண்டிக் கதவு மாதிரி அமுங்கிச் சாத்தியது. தாளம் நெஞ்சில் இடித்தது. ஆனால் பாடுகிறவர் வாயில் துணி அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியை உட்கார வைத்துப் போட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐய, சோக்கா கீதே! சலங்க சத்தம்லாம் தனியா கேக்குது."

"எந்தச் சலங்க?"

"தோ, இப்ப வருதே."

நான் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். சலங்கை இல்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வேன் வருகிற வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தோளைப் பார்த்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்லப் பயம் கூடியதே ஒழியக் குறையவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி கடைக்குப் போனேன். மகளும் கூட வந்தாள். போன வேகத்தில் கடைக்காரர் மேல் பாய்ந்தேன். ஏமாற்றிவிட்டாய், துட்டைப் பிடுங்கிக்கொண்டு மட்டமான ஸ்பீக்கரை மாட்டிவிட்டாய் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். மகள், "கம்முனு இரு நைனா," என்று என் கையை இழுத்தாள். அவர் கீச்சுச் சத்தத்துக்கென்று தனியாக இருக்கிற ட்வீட்டர், பொத்தான் அளவு ஸ்பீக்கர், இரண்டை எடுத்து முன்கண்ணாடி ஓரத்தில் பொருத்தினார். பாட்டைப் போட்டார். பின்சீட்டில் இருந்த மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, கொறைங்க! காதக் குத்துது!"

எனக்கு ஒன்றும் குத்தவில்லை. கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து தன் போனை எடுத்தார்.

"அண்ணாத்த, இது வெறும் பீப் சத்தம். ஒண்ணொண்ணா தட்டுவேன். கேட்டா கைய மட்டும் தூக்கு. பேசாத."

முதலில் தடித்த சத்தம். தூக்கினேன். அடுத்தது கொஞ்சம் மெல்லியது. தூக்கினேன். அதற்குப் பிறகு எதுவும் வராத மாதிரி இருந்தது. போன் திரை எனக்குத் தெரியவில்லை. அவர் கட்டை விரல் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைத்துச் செய்யவில்லை. என் கண் தானாக அந்த விரலுக்குப் போனது. விரல் அமுங்கியது, கை ஏறியது. மறுபடி அமுங்கியது, மறுபடி ஏறியது. எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. நாலாவது முறை கையைத் தூக்கும்போது பின்னாலிருந்து மகள் என் தோளைப் பிடித்தாள்.

"நைனா, சத்தமே வரல நைனா. அவரு போன ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் ஆச்சு."

கை அப்படியே நின்றது. கடைக்காரர் கறுத்துப் போன திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இன்னாய்யா, டபாய்க்கிறியா? பொண்ணு எதுர்ல வச்சி அசிங்கப்படுத்திறியா?" என்று கத்தினேன்.

"கோச்சிக்காத அண்ணாத்த. அன்னிக்குக் கதவுலேர்ந்து அது கொட்டனப்பவே எனுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி," என்றார். "ஸ்பீக்கரு ஒயுங்கா கீது. நீ போயி காதக் காட்டு." கீழே இறங்கிக் கடைக்குள் போய், அந்தப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ட்வீட்டருக்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது பாட்டு போடவில்லை. கடலோரச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. சுங்கச்சாவடி தாண்டியதும் மகள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. முதல்முறையாக, "திருப்பிச் சொல்லும்மா, கேக்கல," என்றேன். இந்த ஆறு மாதத்தில் அப்படி நான் ஒரு தடவை சொல்லியிருந்தால் அவளிடம் எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்க மாட்டேன் என்று நினைத்தபோது அழுகை முட்டியது.

அவள் என் காதுப் பக்கம் குனிந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"கிரேனுக்குக் கீழ ஆளுங்க நிக்கறாங்களே நைனா."

திங்கட்கிழமை ஏணி ஏறினேன். கூண்டில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். என் தோஸ்து வாயைத் திறந்து என்னவோ சொன்னான். இத்தனை நாள் அவன் குரல் கேட்டது என்றுதான் நினைத்திருந்தேன். நான் கேட்கவே இல்லை, அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து கை தெரியாவிட்டால் கொக்கியை அசைக்கவில்லை. தகடு அந்தரத்தில் நிற்கும், கீழே எல்லோரும் திட்டுவார்கள். சூப்பர்வைசர், "ஒடம்பு சரியில்லன்னா லீவு போட்டுப் போயேன்யா," என்றார். அவரிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தரம் வாய் வரை வந்தது. கிரேன்காரன் என்ற பேர் போய்விடுமே என்று மூன்று தரமும் விழுங்கினேன். உள்ளங்கை வியர்த்து லீவர் வழுக்கியது. எனக்கு அத்தனை வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை வேன் வந்தது. எனக்கு முன்னால் போன என் தோஸ்து வெளியே வந்து, தன் வலது தோளை லேசாக ஏற்றிக் காட்டிக் கண்ணடித்தான்.

"அதே அம்மாதான், மாமு."

உள்ளே போனேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். அந்த அம்மா கதவைத் திறந்து, "ஏன் சார், கண்ணாடியப் பாத்து உக்காருங்களேன்," என்றார். வேண்டாம், இப்படியே இருக்கிறேன் என்றேன். ஹெட்போனை மாட்டிவிட்டுப் போனார். பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன்.

தடித்த சத்தம் வந்தது. அழுத்தினேன். இன்னொன்று வந்தது. அழுத்தினேன். பிறகு அமைதி. அவர் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார் போல என்று நினைத்தேன். கட்டை விரலைப் பொத்தான் மேல் வைத்தபடி அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன். நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. விரல் அழுத்தத் துடித்தது, அழுத்தவில்லை. மெஷினில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தேன். அந்த அம்மா கையில் காகிதத்தோடு பக்கத்தில் நின்றிருந்தார். அவர் உதடு அசைந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னவென்று கேட்டேன்.

"எல்லாச் சத்தமும் போட்டு முடிச்சாச்சு சார்," என்றார்.