ரீல்ஸ் பார்த்து வந்த துணிகள்

போன மாதம் எங்கள் கடையிலிருந்து ஒரு கல்யாணப் பட்டு பிளவுஸ் துணி, தைக்காமலே திரும்பிப் போகப் பார்த்தது.

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் என் மனைவி கலாவின் தையல் கடை. வெட்டுவது, தைப்பது எல்லாம் அவள். ஹூக் வைப்பதும் போன் எடுப்பதும் என் வேலை. ஹூக் சுலபம். போன்தான்... முகம் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே எல்லாத் தையல் கடையிலும் சொல்வதையே நானும் சொல்லிவிடுவேன். "ரெடிம்மா, ஹூக் மட்டும்தான் பாக்கி." துணி பையை விட்டே வெளியே வந்திருக்காது!

இந்த நிலையில்தான் கலாவின் தம்பி சுரேஷ் ரீல்ஸ் போட ஆரம்பித்தான்.

"இன்னா மாமா, கன்டென்ட் இல்லாம கடை நடத்திக்கினு கீற?"

தினம் ஒரு வீடியோ. ஜன்னல் வைத்த முதுகு, பஃப் கை, ஆரி வேலை... வேளச்சேரியிலிருந்தும் நங்கநல்லூரிலிருந்தும் பெண்கள் பை பையாகத் துணியோடு வந்தார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. தைப்பது மட்டும் அதே இரண்டு கைகள்.

அப்போது வந்தார் பத்மா மாமி. தன் தெருவையே எங்களிடம் அனுப்பி வைத்தவர். மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம்; அதற்கான பட்டு பிளவுஸ் துணி எங்களிடம்தான் இருந்தது.

"ஹூக் மட்டும்னு சொன்னேளே... அப்படியே குடுங்கோ. ஆத்துல நானே வெச்சுக்கறேன்."

நான் கலாவைப் பார்த்தேன். அலமாரியில் இருந்த தன் பையை மாமியே எடுத்துப் பிரித்தார். கொடுத்தபோது இருந்த மடிப்புகூடக் கலையவில்லை.

அவர் கத்தவில்லை. "டி.நகர்ல ஒரே நாள்ல தெச்சுத் தராளாம்" என்று பையை எடுத்துக்கொண்டார். கத்தியிருக்கலாம்.

கலா குறுக்கே போய் நின்றாள். "கொஞ்சம் உக்காருங்க மாமி. உங்க கண்ணு முன்னாடியே வெட்டிடறேன்." வெட்டினாள். மாமி அரை மனதோடு துணியை விட்டுப் போனார்.

"ஆஃபர் வீடியோ ஒண்ணு போட்டா சரியாயிடும்க்கா" என்றான் சுரேஷ்.

"வாய மூடுடா!" கலா என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, போன்ல இன்னாதான் கேக்கறாங்க?"

யோசித்தேன். "கடை எங்கன்னு எப்பவாவது ஒருத்தர். அளவு பிளவுஸ் எடுத்தாரணுமான்னு கொஞ்சம் பேரு. மத்தவங்க எல்லாம் 'ரெடியா, ரெடியா'தான்."

"கேட்டியாடா சுரேஷு? புதுசா ஆள் கூப்பிடற வீடியோ இப்போதிக்கு வேணாம். அளவு பத்தி ஒரே ஒரு வீடியோ போடு. துணி குடுத்துட்டு காத்துக்கினு கீறாங்க பாரு, அவங்களுக்குத் துணி எந்த நிலையில கீதுன்னு போட்டோ அனுப்பு."

"அதுக்கு எவன்க்கா லைக் போடுவான்?" சுரேஷின் முகம் தொங்கிப்போனது.

எந்தக் கடைக்காரரிடம் கேட்டாலும் தனக்கு வேண்டியது கூட்டம் என்றுதான் சொல்வார். ஈ ஓட்டுகிறவரும் அதையே. மூச்சு முட்டுகிறவரும் அதையே! ஆளை வரவழைப்பது ஒரு தேவை. சந்தேகத்தைத் தீர்ப்பது வேறு. வந்தவரைத் தக்கவைப்பது இன்னும் வேறு. எது நமக்கு இப்போது வேண்டும் என்று பிரித்துப் பார்க்காமல் வீடியோ போட்டால் என்ன ஆகும்? பட்ட பிறகு தெரிந்தது.

மறுநாள், கை இணைத்த பிளவுஸின் போட்டோ மாமிக்குப் போனது. முகூர்த்தத்துக்கு முன்பே பிளவுஸும் போனது. அன்று மாலையே போன் வந்தது.

"கச்சிதமா இருக்கு. நாத்தனாருக்கும் ஒண்ணு, நாளைக்குள்ள ஆகுமா?"

"ஆகாது மாமி" என்றேன்.

அந்தப் போனில் நான் பேசிய முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.