துருப்பிடிக்காத மூடி

என் தங்கை மகன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனான் என்று சொன்னால், கேட்கிறவர்கள் எல்லோரும் அடுத்துக் கேட்பது, மூடி இல்லையா என்பதுதான். இருந்தது. பாகூர் பக்கம் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டின் பின்புறம், தரைக்கடியில் சிமெண்டில் கட்டிய சம்ப்பு. அதன் வாய்க்கு இரும்புத் தகட்டில் ஒரு மூடி. அந்த ஊர் உப்புத் தண்ணீரில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? கீல் இருந்த பக்கம் பொரிந்து உதிர்ந்து, மூடி ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவனை ஏரிக்கரையில் தேடினார்கள், கரும்புத் தோட்டத்தில் தேடினார்கள், பேருந்து நிறுத்தம் வரைக்கும் போய் விசாரித்தார்கள். சம்ப்பை யாரும் பார்க்கவில்லை. அதுதான் மூடியிருக்கிறதே! சாயங்காலம் தண்ணீர் மொள்ளத் திறந்தபோதுதான் பார்த்தார்கள். துருப்பிடித்த மூடிமேல் பிள்ளை ஏறியிருப்பான், அது சாய்ந்து அவனை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி விழுந்து மூடிக்கொண்டிருக்கும் என்று ஊரே முடிவு கட்டியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மற்றவர்களைவிட எனக்குக் கோபம் அதிகம். திருபுவனையில் ஓட்டல் அடுப்பு, பாத்திரமேடை செய்கிற கம்பெனியில் எவர்சில்வர் தகட்டோடு மாரடித்துப் பிழைக்கிறவன் நான். வீடு கட்டும்போதே மாப்பிள்ளையிடம் சொன்னேன், எவர்சில்வரில் போடு என்று. "இரும்பே போதும் மச்சான்" என்றார். புதைத்துவிட்டுத் திரும்பும்போது, நாலு பேர் முன்னால், "உன் இரும்பு மூடிதான்யா எம் புள்ளைய தின்னுச்சு" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

தங்கை தன் மூத்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு செல்லிப்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் அழவே இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரைத் தொட மாட்டாள். தாகம் எடுத்தால் குழாயடிக்குப் போய்க் கையால் ஏந்திக் குடித்தாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். சம்ப்பை மண் கொட்டித் தூர்த்துவிடுகிறேன், வா என்று கூப்பிட்டார். "மண்ணு போடாத. நல்ல மூடியா போடு, வரன்" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரே நிபந்தனை அதுதான். நல்ல மூடி போட்டால் என் தங்கைக்கு மறுபடி ஒரு குடும்பம் உண்டு. மூடி செய்வதற்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

தகடு எடுக்க நானும் மாப்பிள்ளையும் வில்லியனூர் போனோம். கடைக்காரர் இரண்டு தகடுகளை நிமிர்த்திக் காட்டினார். இரண்டிலும் முகம் தெரிந்தது. ஒன்று 304 தரம், இன்னொன்று 202. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது. 202-இல் நிக்கல் குறைவு; நல்ல தண்ணீரில் காலத்தை ஓட்டிவிடும், பாகூர்த் தண்ணீரில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்தார். எங்கள் பக்கத்தில் காந்தம் ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. 202-இல் வைத்தார், ஒட்டவில்லை. 304-இல் செய்து மாதிரிக்கு வைத்திருந்த தட்டின் மடிப்பில் வைத்தார், லேசாகப் பிடித்தது.

"இது டூப்ளிகேட் மச்சான், பாருங்க, ஒட்டுது."

"மடிச்ச எடத்துல ஒட்டத்தான் செய்யும். 202-லயும் காந்தம் ஒட்டாது, அத வச்சி இன்னாத்த கண்டுபுடிப்ப? உன் ஆராய்ச்சிய மூட்ட கட்டி வை" என்று கடையிலேயே கத்தினேன். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். மாப்பிள்ளை காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "நீங்க சொன்னா சரி மச்சான்" என்றார். அந்தப் பணிவுகூட அன்றைக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

304-இல் பதினாறு கேஜ் கனத் தகடு எடுத்தேன். வெறும் தகடாகப் போட்டால் மிதிக்கும்போது டொம்மென்று உள்வாங்கும். அதனால் ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசரிடம் கேட்டு, கம்பெனி மெஷினிலேயே நாலு ஓரத்தையும் ஒரு அங்குலம் கீழ்நோக்கி மடித்து, நடுவில் குறுக்காக மெல்லிய மடிப்பு கொடுத்தேன். மிச்ச வேலை எங்கள் வீட்டுக் கொட்டகையில். இரும்பு அறுத்த சக்கரத்தால் எவர்சில்வரைத் தொடக்கூடாது, இரும்புத்தூள் ஒட்டினால் அந்த இடத்தில் துரு வரும். அதனால் புதுச் சக்கரம் வாங்கினேன். பிசிறை அரத்தால் ராவி, விரலை ஓட்டிப் பார்த்து, திரும்பவும் ராவினேன். பற்றவைத்த இடங்களில் ஏறிய கறுப்பைத் தேய்த்து எடுத்தேன். பூட்டு மாட்டக் கனமான ஒரு கொண்டி வைத்தேன். என் சர்வீசில் இவ்வளவு சுத்தமாக எந்த ஓட்டலுக்கும் நான் ஒரு வேலை செய்ததில்லை. செய்து முடித்து நிமிர்ந்தபோது, இதை ஏன் முன்னாலேயே செய்யவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

வண்டியில் கட்டி எடுத்துப் போய், பழைய சட்டத்தைப் பெயர்த்து, மூடியை உட்கார வைத்தேன். தங்கையும் வந்திருந்தாள். மாப்பிள்ளை பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைப் பிடிக்கவே இல்லை. சாவி கீழே விழுந்தது.

"பூட்டு வாணாம்ணா."

"இன்னாது?"

"பூட்டு வாணாம். இந்த மூடி வாணாம்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "ஒரு புள்ளைய வாரிக் குடுத்தும் ஒனக்கு புத்தி வரலியா? பூட்டு வாணாமாம்! இன்னும் ஒண்ணு கீதே, அதுவும் வுழுணுமா?" என்றேன். சொன்ன பிறகு என் நாக்கையே அறுத்துப் போடலாம் போல இருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டு, "உள்ளேர்ந்து தள்னா இது தொறக்குமாண்ணா?" என்றாள்.

மாப்பிள்ளை, "ஏ, சும்மா இரு" என்றார். அவள் கேட்கவில்லை.

"அன்னிக்கி மூடி தொறந்துதான் கெடந்துச்சு. தண்ணி எவ்ளோ ஏறிக்கீதுன்னு பாத்துட்டு அவரு அப்படியே போட்டுட்டு போயிட்டாரு. குப்ப வுழுதேன்னு நான்தான் கால்ல தள்ளி மூடுனன். எட்டிப் பாக்கலண்ணா. மூடிட்டு, அதோ அந்தக் கல்லுல துணி தொவச்சன்."

மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"அன்னிக்கே சொல்லிட்டன். யாருகிட்டயும் வாய தொறக்காத, மூடி மேலயே பழி போவட்டும்னாரு."

நாலு பேர் முன்னால் நான் ஏசியபோது அவர் குனிந்து நின்றது இதற்காகத்தான். இவளைக் காப்பாற்ற அவர் இரும்பின் பழியை ஏற்றுக்கொண்டார். துருவும் இல்லை, கேஜும் இல்லை. நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய தகடு வேறு ஏதோ நோய்க்கு மருந்து. மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கீழே கிடந்த சாவியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூடியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தண்ணீரில் கிடக்கிற அவ்வளவு சின்னப் பிள்ளை எந்த மூடியையும் தள்ள முடியாது, அது எட்டவே எட்டாது என்பது எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்கிற தைரியம் யாருக்கு வரும்? கொண்டியை அறுத்தேன். மேலே பிடி இல்லாமல் வழவழவென்று விட்டேன். ஓரத்தில் போட்ட சின்ன ஓட்டையில் மாட்டித் திறக்க ஒரு கொக்கி செய்து, சின்னக் கை எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டச் சொன்னேன். கீலுக்கு மறுபுறம் எடை தொங்கவிட்டு, உள்ளிருந்து ஒரு விரலால் தள்ளினாலும் எழும்பும்படி பண்ணினேன். சம்ப்பின் உட்சுவரில் இறங்கி ஏற எவர்சில்வர் படிகளும் பதித்தேன்.

மாட்டிய அன்று சம்ப்பைக் காலிசெய்து கழுவி, காலையிலிருந்தே காற்றாடத் திறந்து வைத்திருந்தோம். தங்கை படியில் கால் வைத்து இறங்கினாள். பாதிவரை போனதும் நிமிர்ந்து, "மூடிட்டு, நீ போயி அந்தக் கல்லுகிட்ட நில்லுண்ணா" என்றாள். மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

மூடினேன். துவைக்கிற கல்லருகே போய் நின்றேன். தள்ளிப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்து மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "அம்மா" என்று ஒரு குரல். அவள் குரல் இல்லை அது. மெலிசாக, பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி. மறுபடி, "அம்மா". தகடு அதிர்ந்து அந்தக் குரலை அப்படியே மேலே அனுப்பியது. கல்லுக்கு மட்டுமல்ல, வேலி வரைக்கும் கேட்டிருக்கும்.

மூடி எழுந்தது. அவள் தலை தெரிந்தது.

"கேட்டுச்சாண்ணா?"

"இன்னாம்மா?"

"நான் கூப்புட்டது."

"இல்லியே. ஒண்ணும் கேக்கல."

"நெசமாவா?"

"எம் புள்ளைங்க மேல சத்தியமா கேக்கலம்மா."

அவள் ஏறி, விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டபடி அழ ஆரம்பித்தாள். பிள்ளை போனபிறகு அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை ஓடிவந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டே, "இந்த மூடியே இருக்கட்டும்ணா" என்றாள்.

அன்று அவள் அங்கேயே தங்கிவிட்டாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு, என் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வழியெல்லாம் பயந்துகொண்டே வந்து சேர்ந்தேன்.