சைரஸும் மீன்சட்டியும்

மத சகிப்புத்தன்மை பற்றி ஐந்து நிமிடம் பேச ஆபீஸில் ஆள் தேடினார்கள். சும்மா இருப்பவன் போலத் தெரிந்தேனோ என்னவோ, என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் தேடிப்பிடித்துப் பாரசீக மன்னன் சைரஸைக் கொண்டுவந்தேன். பாபிலோனைப் பிடித்தவன். பிடித்த ஊரில் யாருடைய சாமியையும் தொந்தரவு செய்யாதவன். அங்கே அடைபட்டுக் கிடந்த யூதர்களை ஊருக்கு அனுப்பி, பழைய ராஜா அள்ளிவந்த கோயில் பாத்திரங்களையும் கொடுத்துவிட்டவன்.

பர் துபாய் ரூமில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். கேட்க ஒரே ஆள், என் ரூம்மேட். ராமநாதபுரத்து முஸ்லிம். நானும் அந்தப் பக்கம்தான் என்பதால் எங்களுக்குள் மாமா, மாப்ள முறை. கட்டிலில் படுத்தபடியே முழுவதும் கேட்டார்.

"பாத்திரத்தக்கூடத் திருப்பிக் குடுத்துட்டாரா மாமா?"

"ஒண்ணு விடாம, மாப்ள."

"அப்ப அவரு நம்ம ரூமுக்கு வந்தா, பால்கனியில கெடக்குற என் மீன்சட்டிய உள்ள எடுத்து வச்சிருவாருல்ல?"

ஊரிலிருந்து அவர் மடியில் வைத்து பிளைட்டில் கொண்டுவந்த மண்சட்டி அது. புரட்டாசி பிறந்த அன்று வெளியே வைத்தது நான்தான். விரதம் எனக்கு. இரண்டு வாரமாகக் கீழ்க்கடை புரோட்டாவைத் தின்று வயிறு எரிவது அவருக்கு.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாப்ள."

"என்னத்தச் சொல்ல? நோம்புக்குப் பள்ளிவாசல்ல கஞ்சி வாங்கியாந்தா முப்பது நாளும் மொத டம்ளர நீட்டுனது யாரு? நோம்பு வச்சீகளான்னு ஒரு நாளாச்சும் கேட்டேனா? சரி விடுங்க. கராமாவுல ஒரு ரூமுல கட்டில் போட எடம், பெட்ஸ்பேஸ் பாத்துட்டேன். ஒண்ணாந்தேதி போறேன்."

ஒன்பது வருடமாக ஒரே ரூம். என் குறட்டையைத் தாங்கும் இன்னொரு மனிதர் வளைகுடா முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். என்ன சொல்லி நிறுத்துவது? ஐந்து நிமிடப் பேச்சில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

பால்கனிக்குப் போய்ச் சட்டியை எடுத்துவந்தேன். அதிலிருந்த புறா எச்சத்தை நானே தேய்த்துக் கழுவி அடுப்பில் வைத்தேன்.

"சனிக்கிழமை மட்டும் வேணாம், மாப்ள."

அவர் சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இறங்கிப்போய்ச் சங்கரா மீனோடு வந்தார். குழம்பு கொதிக்கும்போது போனை எடுத்து, "பாய், அந்தக் கராமா ரூம் வேணாம். கலாஸ், அம்புட்டுத்தான்" என்றார்.

நான் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தயிர்சோறு தின்றேன்.

"மூச்ச அப்புடி இழுக்காதீக மாமா," என்றார் பின்னாலிருந்து. "வெரதம் முறிஞ்சிரும்."