இருபத்து நான்காவது ஃபைல்

போன வாரம் என் செல்போன் ரிப்பேர் கடையிலிருந்து திரும்பி வந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, பெட்டியிலிருந்து பிரித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே கொடுத்துவிட்டார் கடைக்காரர். எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கியிருந்தது. எந்த மொழி, எந்த நாடு, தேதியை எப்படிக் காட்டவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. எண்ணிப் பார்த்தேன், பதினேழு கேள்வி. நான் எதையும் எண்ணுகிற ஆள். எங்கள் வீட்டு மாடிப்படி பத்தொன்பது.

மாறாமல் வந்தது தோல் உறை மட்டும். அசல் தோல். எடுத்து முகர்ந்தேன். ஆம்பூரில் நாற்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு அந்த வாசனை போதும். எஸ்தர் ஞாபகம் வந்துவிட்டது. பதினேழு கேள்விக்கும் அவளுக்கும் சம்பந்தம் உண்டு, சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஊரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். அதற்கு முன் பதினெட்டு வருடம் டேனரியில். வெளி ஆட்களின் தோலும் அங்கே கூலிக்குப் பதனிட வரும். யாருடையது என்று தெரிய ஒவ்வொரு தோலிலும் வால் பக்கம் ஓட்டை போட்டு அடையாளம் வைப்பார்கள். காலையில் எண்ணுவேன், மாலையில் எண்ணுவேன். ஒன்று குறைந்தால் தேடலாம். கூடினால்தான் வம்பு. அடுத்தவர் தோல் நம் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆள் வந்து கேட்டில் நின்று கத்துவார். அதனால் கூடுதலாக ஒன்று தென்பட்டால் முதல் வேலையாக எடுத்து வெளியே போட்டுவிடுவேன். அந்தப் பழக்கத்தோடுதான் கம்ப்யூட்டர் அறைக்குள் போனேன்.

அது ஏசி அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழையவேண்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ செய்கிற இடத்தில் அந்த அறையில் மட்டும் எல்லோரும் வெறுங்கால். எந்தப் பெட்டியில் எந்த அளவு, எத்தனை ஜோடி என்று பேக்கிங் லிஸ்ட் அடித்துத் தரும் புரோகிராம் ஒன்றை வேலூர்க்காரர் ஒருவர் எழுதிப் போட்டுக் கொடுத்தார். “சார், இந்த ஃபோல்டர்ல இருவத்திமூணு ஃபைல் இருக்குது. இதான் புரோகிராம். ஒண்ணையும் தொட்டுடாதீங்க” என்றார். நோட்டில் 23 என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

மறுநாள் மாலை எண்ணினேன். 24.

புதிதாக வந்தது மிகச் சின்ன ஃபைல். ஓட்டை போடாத தோல் மாதிரி நின்றது. அழித்தேன். அடுத்த நாள் மாலை மறுபடி 24. மறுபடி அழித்தேன். அதுவும் சளைக்கவில்லை, நானும் சளைக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒழுங்காக வேலை செய்வதை ஊருக்குச் சொல்வானேன்?

புரோகிராமை ஓட்டியவள் எஸ்தர். மாதனூர்ப் பெண். டிகிரி முடித்துவிட்டு ஆறு மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தாள். நான் முதல் தடவை அழித்த மறுநாள் காலையிலேயே வந்து கேட்டாள்: “சார், நேத்து செட் பண்ணதெல்லாம் போய்டுச்சு சார்.”

கம்ப்யூட்டரைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது அதை மூடும் துணியின் நீள அகலம்தான். “கம்ப்யூட்டர்னா அப்படித்தாம்மா. காலைல புதுசாத்தான் இருக்கும்” என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

கம்பெனி பஸ் ஒன்பதுக்கு அவளைக் கொண்டுவந்து விடும். முதல் லிஸ்ட்டை அவள் ஆரம்பிக்க ஒன்பது இருபத்தைந்து ஆகும். தினமும் நோட்டில் குறித்தேன். அறுபத்தொரு வேலை நாள். கூட்டினால் இருபத்தைந்து மணி இருபத்தைந்து நிமிடம். கணக்கு அவ்வளவு லட்சணமாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

அவளை நிரந்தரம் செய்யலாமா என்று மேனேஜர் அமீன் பாய் கேட்டபோது அந்தக் கணக்கை நீட்டினேன்.

“பொண்ணு நல்லாத்தானே செய்யுது சார்?”

“செய்யறது நல்லாத்தான் இருக்கு பாய். ஆரம்பிக்கறதுதான் லேட்டு.”

“இருவத்தஞ்சு நிமிஷம் ஜாஸ்திதான்” என்று காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மாதக் கடைசி சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி அவளுக்குத் தகவல் போனது.

எஸ்தர் அழவில்லை. என் மேஜைக்கு வந்து நின்றாள். “எங்க வீட்ல மூணு பேரு ஷூ கம்பெனிதான் சார். மூணு பேரும் தையல் மிஷின்ல. நான் ஒருத்திதான் ஆபீஸ்ல உக்காந்தேன். அந்த இருவத்தஞ்சு நிமிஷம் நான் இன்னா பண்றேன்னு ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு எழுதியிருக்கலாம்ல சார்?”

மறுநாள் உட்கார்ந்து பார்த்தேன். கம்பெனி பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘உங்கள் கம்பெனியின் பெயர்’ என்று இங்கிலீஷில் நின்றது. அடித்தாள். நம் விலாசம் நாலு வரி, வாங்குகிறவர் விலாசம் நாலு வரி. ஷூ அளவு இங்கிலாந்துக் கணக்கில் இருந்ததை ஐரோப்பாக் கணக்குக்கு மாற்றினாள். மாற்றாவிட்டால் நாற்பத்தொன்று போகவேண்டிய பெட்டியில் ஏழு என்று விழும். தேதி, காகித அளவு என்று ஒவ்வொன்றுக்கும் மூடித் திறக்கவேண்டும், மிஷினோ ஆமை. மொத்தம் பதினொன்று. கடைசியாக, ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் என் பெயரை அடித்தாள்.

“என் பேரா?”

“நீங்கதானே சார் ஹெட்டு.”

“இதெல்லாம் தினமுமா பண்றே?”

“காலைல புதுசாத்தான் இருக்கும்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

வேலூருக்குப் போன் போட்டேன். “அது கிளம்பும்போது செட்டிங்ஸ் ஃபைலைத் தேடும் சார்” என்றார் எழுதினவர். “இருந்தா அதுல உள்ளபடி நடக்கும். இல்லன்னா நான் சொல்லி வெச்சபடி தானா ஒண்ணு புதுசா உண்டாக்கிக்கும். ஒருவாட்டி செட் பண்ணாப் போதுமே. யாராச்சும் அந்த ஃபைலை அழிக்கறாங்களா?”

“விசாரிக்கறேன்” என்று போனை வைத்தேன்.

அன்று மாலை எண்ணினேன். 24. கை தானாகப் போனது, இழுத்துக்கொண்டேன். மறுநாள் காலை கம்பெனி பெயர், இரண்டு விலாசம், ஐரோப்பா அளவு எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. எஸ்தர் திரையையே பார்த்தாள். “சார், இன்னிக்கு இது புதுசா இல்ல சார்.”

“சரியாய்டுச்சு” என்றேன். அவள் ஒன்பது இரண்டுக்கு முதல் லிஸ்ட்டை ஆரம்பித்தாள்.

அமீன் பாயிடம் போய், “அது மிஷின் கோளாறு பாய், சரியாய்டுச்சு” என்றேன்.

“அப்ப அதையும் எழுதிக் குடுங்க. யாரால வந்ததுன்னும் எழுதுங்க. போனவாட்டி பேரு போட்டுத்தானே எழுதினீங்க?”

இரண்டு நாள் எழுதவில்லை. வயசும் சர்வீசும் ஒரு பக்கம் இழுத்தன. சனிக்கிழமை, பஸ் கிளம்ப நாற்பது நிமிடம் இருக்கும்போது எழுதினேன். இருபத்தைந்து மணி இருபத்தைந்து நிமிடமும் என்னால் வந்தது. கூடவே, அதுவரை எண்ணத் தோன்றாத ஒன்றையும் எண்ணி எழுதினேன்: அந்த அறுபத்தொரு நாளில் தப்பாகப் போன லிஸ்ட், பூஜ்யம்.

பாய் இரண்டு தடவை படித்தார். “தினமும் அழிச்சீங்களா சார்?”

“தினமும்.”

“வேற எதையாச்சும் அழிச்சிருக்கீங்களா?”

“இல்ல பாய். எண்ணிட்டேன்.”

திங்கட்கிழமை அவள் கைக்கு நிரந்தர ஆர்டர் போனது. அன்றைய முதல் லிஸ்ட் என் மேஜைக்கு வந்தது. ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் எஸ். எஸ்தர் என்று இருந்தது. ஜோடிகளை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நோட்டில் 23ஐ அடித்துவிட்டு 24 என்று எழுதினேன்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம். அமீன் பாயும் போய்விட்டார். எஸ்தர் கல்யாணமாகிச் சென்னைப் பக்கம் போனதாகக் கேள்வி. லிஸ்ட் காப்பி ஒன்று நோட்டுக்குள் கிடக்கிறது. ரிப்பன் மை வெளுத்து, ஜோடி எண்ணிக்கைகூடப் படிக்க முடியவில்லை.

போனின் பதினேழு கேள்விக்கும் நானே பதில் போட்டேன். நடுவில் என் பெயரையும் கேட்டது. முடிக்க ஒரு மணி பத்து நிமிடம். இவ்வளவு நேரம் இன்னா பண்றீங்க என்று கேட்க ஆள் இல்லை.